எளிமையின் விலை: திண்டுக்கல் சமவெளியில் ஒரு தொண்டு மரபு

தமிழில் 'ஊழியம்' என்னும் சொல்லுக்கு இரு வேறு வரலாறுகள் உண்டு. கிறித்தவத் திருச்சபையில் அது இறைப்பணியையும், இறைவன் பொருட்டு மனிதர்க்குச் செய்யும் தொண்டையும் குறிக்கும். அதே சொல், 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதியாரிடமிருந்து கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலைக்கும் பெயராக இருந்தது. முன்னது ஒருவர் விரும்பி ஏற்பது; பின்னது பிறர்மேல் சுமத்தப்படுவது. குனிந்து நிற்றல் இரண்டிற்கும் பொது. ஆயினும், நிமிர்வதற்கு உரிமை உள்ளவன் குனிவதும், அவ்வுரிமை மறுக்கப்பட்டவன் குனிவதும் ஒன்றாகா.

கிறித்தவ நெறி பணிவைத் தன் அடிப்படை அறங்களுள் ஒன்றாகக் கொண்டது. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் விரித்துரைக்கிறது. கால் கழுவுதல் அந்நாளில் வீட்டு அடிமையின் வேலை. ஆசான் அதனைச் செய்தது அன்பின் வெளிப்பாடு மட்டுமன்று. சுமத்தப்பட்ட ஊழியத்தைத் தாமே விரும்பி ஏற்றதும் ஆகும். தமிழ்ச் சமயமரபும் இத்தகைய பணிவை அறிந்ததே. நாடறிந்த நாவரசர் கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியதைச் சேக்கிழார் போற்றிப் பாடினார். எனவே, பணிவு என்பது வெறும் மனநிலை அன்று. கையில் ஏந்தும் கருவியிலும், உடுத்தும் உடையிலும், உறையும் வீட்டிலும் அது புலப்பட வேண்டும் என்பது இரு மரபுகளுக்கும் உடன்பாடான கருத்தாகும்.

இக்கருத்தை வாழ்வில் மெய்ப்பிக்க முயன்ற கிறித்தவர் சிலரின் வரலாறு திண்டுக்கல் சமவெளியோடு பிணைந்துள்ளது. அவர்களுள் நடுநாயகமாக விளங்குபவர் அமெரிக்காவில் பிறந்து, இம்மண்ணைத் தம் மண்ணாக ஏற்றுக்கொண்ட ரால்ப் ரிச்சர்ட் கெய்தான் ஆவார்.

உடையும் தொண்டும்

சமயத் தொண்டர் என்ன உடை உடுத்துவது, யாரோடு உண்பது, எங்கு உறைவது என்னும் வினாக்கள் மதுரை நாட்டிற்குப் புதியன அல்ல. 1606ஆம் ஆண்டில் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியத் துறவி, ஐரோப்பிய உடையை நீக்கிக் காவி உடுத்தார்; புலால் துறந்தார்; தமிழும் வடமொழியும் கற்றார். அவர் மேற்கொண்டது உயர்குலத்தார் மதிக்கும் சந்நியாசிக் கோலம். அக்கோலம் உயர்ந்தோர் வீட்டு வாயிலைத் திறந்தது. ஒடுக்கப்பட்டோரை வெளிப்படையாக அணுக இயலாமலும் செய்தது. இக்குறையை நீக்கவே 1640ஆம் ஆண்டளவில் பல்தசார் தா கோஸ்தா போன்றோர் பண்டாரசாமிக் கோலம் பூண்டனர். தாழ்த்தப்பட்டவராகக் கருதப்பட்ட மக்களிடையே தடையின்றிச் செல்ல இப்புதிய உடை உதவியது.

இஃது ஓர் உண்மையைக் காட்டுகிறது. உடையை எளிதாக்கிக் கொள்வதனால் மட்டும் ஒருவர் எளியவர் பக்கம் நிற்பவர் ஆகிவிடுவதில்லை. அவ்வுடை யாருடைய வாயிலைத் திறக்கிறது, யாருடைய வாயிலை அடைக்கிறது என்பதே கேட்கத்தக்க வினா. பின்வந்த வீரமாமுனிவரின் வரலாற்றை எழுதியோர் அவருடைய சிறந்த ஆடையையும் பல்லக்கையும் சேர்த்தே குறித்துள்ளனர். தேம்பாவணி தந்த அப்பெரும்புலவர் தமிழுக்குச் செய்த தொண்டு அளவிடற்கரியது. எனினும் அரசவை மதிப்பைப் பெற அந்நாளில் பல்லக்கும் வேண்டியிருந்தது போலும்!

மிஷன் பங்களாவும் உபதேசியார் குடிசையும்

1834ஆம் ஆண்டில் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையினர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதுரையில் தம் பணியைத் தொடங்கினர். விரைவிலேயே திண்டுக்கல்லும் அம்மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. பள்ளிகள் தோன்றின, மருந்தகம் தோன்றியது. மருத்துவம் கற்ற போதகரான எட்வர்டு செஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெடுங்காலம் திண்டுக்கல்லில் தங்கி மக்களின் பிணி தீர்த்தார். பசுமலையில் 1881இல் தொடங்கிய கல்லூரியே பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது.

சாதி வேறுபாட்டை இம்மிஷன் ஏற்கவில்லை. மிஷன் பணியாளர் அனைவரும் சாதி பாராது ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அது வற்புறுத்தியது. உடன்படாத உபதேசியார் பலர் விலகினர். பணி குன்றும் என்று தெரிந்தும் மிஷன் தன் நிலையிலிருந்து இறங்கவில்லை. இது போற்றத்தக்க உறுதியே.

ஆயினும், சாதிச் சுவரை இடிக்க முயன்ற அவர்கள் தம் வளாகத்துச் சுவரை இடிக்க எண்ணவில்லை. உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட மிஷன் பங்களா ஒருபுறம். ஊர்தோறும் நடந்து சென்று மறையுரை கூறிய உபதேசியாரின் சிறு வீடு மறுபுறம். வெள்ளையர் ஊதியமும் தமிழ்ப் பணியாளர் ஊதியமும் ஏணி வைத்தாலும் எட்டாத தொலைவில் இருந்தன. உபதேசியார், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர், வீடுதோறும் சென்று பெண்களுக்கு எழுத்தறிவித்த விவிலியப் பெண்டிர் ஆகியோர் எளிய வாழ்வே வாழ்ந்தனர். ஆனால் அவ்வெளிமையை அவர்கள் தேர்ந்தெடுத்தனரா என்று எவரும் கேட்டதில்லை. திருச்சபை வரலாற்று நூல்களில் பங்களாவில் இருந்தோரின் பெயர்கள் நிலைத்துள்ளன. குடிசையில் இருந்தோர் பெரும்பாலும் 'சுதேச உதவியாளர்' என்னும் தொகைச் சொல்லுள் அடங்கிவிட்டனர். விரும்பி ஏற்ற எளிமையைப் பாராட்டும் எவரும் சுமத்தப்பட்ட இவ்வெளிமையை மறத்தல் ஆகாது.

திருப்பத்தூர் காட்டிய வழி

இருவகை எளிமைக்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைக்க ஒரு முயற்சி வடஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் எழுந்தது. 1921ஆம் ஆண்டில் தமிழரான சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காத்லாந்து நாட்டவரான எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் அங்குக் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இருவரும் மருத்துவர், இருவரும் மணம் புரியாதவர். பேட்டன் நூல் தொழிலால் செழித்த செல்வக் குடும்பத்தவர். இருவரும் ஒரே உடை உடுத்தினர். ஒரே உணவு உண்டனர். ஒருவர்க்கொருவர் மேலாளும் கீழாளும் ஆகாது தோழராய் வாழ்ந்தனர். ஆசிரமத்து ஆலயத்தைத் திராவிடக் கோயிற்கலை மரபில் எழுப்பினர். வெள்ளையரும் தமிழரும் ஓர் இலையில் உண்டாற்போல் வாழ்ந்த இக்காட்சி, அந்நாளையத் திருச்சபைக்குப் பெரும் புதுமை.

இவ்வாழ்வு அரசின் கண்ணுக்கு உறுத்தலாயிற்று. 1932ஆம் ஆண்டில் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடைபெற்ற இடத்தில் கதராடையுடன் நின்ற பேட்டனைக் காவலர் அடித்தனர். இச்செய்தி இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை எட்டியது. வெள்ளையர் ஒருவர் எளிய உடை உடுத்தியமையால், எளியவர்க்குக் கிட்டும் அடியும் அவர்க்குக் கிட்டியது எனலாம்.

1930: ஒரு விருந்தினரும் ஒரு வெளியேற்றமும்

பேட்டன் அடிபடுவதற்கு இரண்டாண்டுகள் முன்பே, மதுரையில் இதனையொத்த மற்றொரு நிகழ்ச்சி நடந்தது.

கெய்தான் 1898இல் பிறந்தவர். 1925ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனின் போதகராகத் தமிழகம் வந்தார். பிரிட்டன் குடிமக்கள் அல்லாத மிஷனரிகள் இந்தியாவில் பணிபுரிய வேண்டுமெனில், சட்டப்படி அமைந்த அரசுக்கு உரிய மதிப்பு அளிப்பதாகவும், அரசியலில் தலையிடுவதில்லை என்றும் உறுதிகூற வேண்டும் என்பது முதல் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட விதி. அமெரிக்க மிஷனும் இவ்விதிக்கு உட்பட்டே இயங்கியது.

1930ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள் காந்தியடிகள் அரசப் பிரதிநிதி இர்வினுக்கு ஒரு மடல் எழுதினார். உப்பு அறப்போரை அறிவித்த அம்மடலைத் தில்லிக்கு எடுத்துச் சென்று சேர்த்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர். குவேக்கர் என்னும் அமைதி நெறிக் கிறித்தவ சமயப் பிரிவினர். அதே ஏப்பிரலில் இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கித் தொண்டர் படை நடந்தது. தமிழகமெங்கும் கதரும் காந்திக் குல்லாயும் அரசின் ஐயத்திற்கு இலக்காயின. அந்நாளில் ரெனால்ட்ஸ் மதுரைக்கு வந்தார். கெய்தானின் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். விருந்தினர் கதராடை உடுத்தியிருந்தார்.

கெய்தான் மறியல் செய்யவில்லை, மேடையேறவில்லை. விருந்தோம்பினார்; அவ்வளவே. தமிழர் தலையாய அறமாகப் போற்றும் அவ்வொன்றே அவர் குற்றமாயிற்று. மாவட்ட ஆட்சியர் மிஷன் தலைவர்களுக்குத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். கெய்தான் தம் செயலுக்கு வருந்தவில்லை. மிஷன் அவரைத் தாயகம் திரும்புமாறு கேட்டுக்கொண்டது. அவ்வாண்டே அவர் இந்தியாவை விட்டு நீங்கினார்.

மிஷன் தலைவர்களைக் கோழைகள் எனத் தள்ளிவிடுதல் எளிது, நேர்மையன்று. அவர்கள் பொறுப்பில் கல்லூரியும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இருந்தன. பள்ளிகளுக்கு அரசின் மானியம் வந்தது. ஒரு போதகரின் பொருட்டு ஆயிரக்கணக்கான மாணவரின் கல்வியை இடருக்கு உள்ளாக்கலாமா என்பது அவர்கள் முன் நின்ற வினா. அவ்வினாவில் பொருள் உண்டு. ஆனால் அதற்குள் மற்றொரு வினாவும் ஒளிந்திருந்தது. தொண்டு செய்வதற்காகவே எழுப்பிய நிறுவனம், தன்னைக் காத்துக்கொள்வதற்காக ஒரு தொண்டரைக் கைவிட நேர்ந்தால், அங்கு யாருக்கு யார் ஊழியம் செய்கின்றனர்? கெய்தானின் வாழ்வு முழுதும் இவ்வினாவிற்கான விடைத்தேடலாகவே அமைந்தது.

மீண்டும் வருகை, மீண்டும் வெளியேற்றம்

1930களின் நடுவில் கெய்தான் இந்தியா திரும்பினார். இம்முறை பெரிய மிஷன் வளாகத்தை நாடாமல், பெங்களூரில் சேரி மக்களிடையே பணி செய்தார். அப்பணியில் அவரோடு இணைந்த இளைஞருள் ஒருவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். 1914இல் பிறந்த ஜெகந்நாதன், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுப் படிப்பைத் துறந்தவர். திருப்பத்தூர் ஆசிரமத்திலும் தங்கித் தொண்டு பயின்றவர். அமெரிக்க மிஷனின் கல்லூரி, ஏசுதாசன் பேட்டன் ஆசிரமம், கெய்தானின் சேரிப்பணி ஆகிய மூன்றும் இவ்வொரு வாழ்வில் ஒன்றுகூடின. அவர் இந்துவாகவே வாழ்ந்தார். அவரைக் கிறித்தவராக்கக் கெய்தான் முற்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்னும் எண்ணிக்கையால் ஊழியத்தை அளந்த காலம் அது. எண்ணிக்கையை விட்டுத் தொண்டைப் பற்றிய கெய்தானின் எளிமை, உடையைத் துறந்த எளிமையினும் அரியது.

1944ஆம் ஆண்டில், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின் வெப்பம் தணியாத நாளில், கெய்தான் இரண்டாம் முறையாக நாடு கடத்தப்பட்டார். முதன்முறை மிஷன் திருப்பியழைத்தது. இம்முறை அரசே வெளியேற்றியது. நாடு விடுதலை பெற்ற பின்னரே அவருக்கு மீண்டும் வாயில் திறந்தது. அவர் திண்டுக்கல் வட்டாரத்தை வந்தடைந்தார்.

காந்திகிராமம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டியை அடுத்து, சிறுமலை அடிவாரத்தில் அமைந்தது காந்திகிராமம். மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947 அக்டோபர் 7ஆம் நாள் அதனைத் தொடங்கினர். தாய்சேய் நலம், ஆதாரக் கல்வி, கதர், ஊரகத் தொழில் எனப் பணிகள் விரிந்தன. 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தோன்றி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வட்டாரத்து ஆக்கப் பணிகளில் கெய்தானும் தோள்கொடுத்தார். தலைமை நாற்காலி அவருக்குத் தேவைப்படவில்லை. கதராடை உடுத்திய முதியவராய்ச் சிற்றூர்களில் நடந்தார். வினோபா பாவே 1951இல் தொடங்கிய பூதான இயக்கத்திலும் ஈடுபட்டார்.

நிலம் இங்கே நடுவிடத்திற்கு வருவதைக் கருத வேண்டும். பிணி தீர்ப்பதும் எழுத்தறிவிப்பதும் தொண்டே. ஆயினும், பிறர் நிலத்தில் குனிந்தே காலங்கழிக்கும் கூலிக் குடும்பத்திற்கு அவை முழு விடுதலை ஆகா. சுமத்தப்பட்ட ஊழியத்தின் வேர் நிலவுடைமையில் இருந்தது. இவ்வேரைத் தொட்டவர்கள் ஜெகந்நாதனும், திண்டுக்கல் வட்டாரத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாளும். 1950இல் மணம் புரிந்த இவ்விணையர், 1981இல் 'லாப்டி' எனப்படும் உழுவோர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கிக் கீழத்தஞ்சைப் பகுதியில் ஆயிரக்கணக்கான தலித் பெண்களின் பெயரில் நிலம் கிடைக்கச் செய்தனர். 2008இல் மாற்று நோபல் எனப் போற்றப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது இருவருக்கும் வழங்கப்பட்டது. ஜெகந்நாதன் 2013இல் காந்திகிராமத்தில் மறைந்தார். கெய்தான் வீட்டில் ஒரு விருந்தினர்க்கு இடப்பட்ட உணவுக்கும் கீழத்தஞ்சைப் பெண்கள் பெற்ற நிலப் பட்டாவுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று கூறுவது மிகையாகும். ஆனால், தொண்டு என்பது ஈகையோடு நில்லாது, குனிந்தோரை நிமிரச் செய்வதில் முடிய வேண்டும் என்னும் ஒரே கருத்து இரண்டையும் இணைக்கிறது.

கல்லுப்பட்டிக் குடிலும் ஒட்டன்சத்திர மருத்துவமனையும்

இம்மரபில் தமிழ்க் கிறித்தவர் இருவகையில் பங்கு கொண்டனர். ஒருவகைக்குச் சான்று ஜோசப் கொர்னேலியஸ் குமரப்பா. 1892இல் தஞ்சையில் பிறந்த இவர் இலண்டனில் பட்டயக் கணக்கராகத் தேர்ந்தவர்; அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றவர். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேல்நாட்டு உடையைத் துறந்து கதர் உடுத்தினார். சிறையில் எழுதிய இயேசு பற்றிய நூல் 1945இல் வெளியாயிற்று. திருச்சபை ஆதிக்க அரசின் பக்கம் சாய்தல் இயேசுவின் நெறிக்கு முரண் என அஞ்சாது கூறினார். இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனில் ஒரு சிறு குடிலில் கழித்தார். 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, சென்னையில் மறைந்தார். வெளிநாட்டார் எளிமை பூண்டால் வியந்து எழுதுவோர், தமிழ்க் கிறித்தவரின் துறவை அதே அளவு எழுதாமை வருந்தத்தக்கது.

மற்றொருவகைக்குச் சான்று ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தையால் பெயர்பெற்ற அவ்வூரில் 1955ஆம் ஆண்டில் மருத்துவர்கள் ஏ.கே. தரியன், ஜேக்கப் செரியன் ஆகியோரின் குழுவினர் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினர். நகரில் பொருளீட்டும் வாய்ப்பிருந்த மருத்துவர்கள், மருத்துவ வசதி குன்றிய சிற்றூர்ச் சூழலை விரும்பி ஏற்றுக் கூட்டு வாழ்வை மேற்கொண்டனர். வெளிநாட்டு மிஷன் அனுப்பாமல், இந்தியக் கிறித்தவரே தம் உள்ளத் தூண்டலால் தொடங்கியமை இதன் சிறப்பு. தொடக்கத்தில் சிறிதாக இருந்த அம்மருத்துவமனை காலப்போக்கில் பெரிதாக வளர்ந்து, செவிலியர் பயிற்சியும் அளிக்கலாயிற்று.

நிறுவனம் வளரும்போது முன்னர்க் கண்ட வினா மீண்டும் எழுகிறது. குடிலில் தொடங்கிய தொண்டு மாளிகையை அடைகிறது, கருவிகள் பெருகுகின்றன, செலவு கூடுகிறது. நோயாளிக்கு நல்ல மருத்துவம் வேண்டுமெனில் இவை வேண்டியனவே. ஓலைக் கொட்டகையில் அறுவை செய்வது எளிமை ஆகாது. ஆகவே கட்டடத்தின் உயரத்தைக் கொண்டு பணிவை அளத்தல் பொருந்தாது. பணம் இல்லாதவர் அவ்வாயிலில் எவ்வாறு வரவேற்கப்படுகிறார், தரையைத் துடைப்பவர் மருத்துவரோடு எந்த இருக்கையில் அமர்கிறார், இடர் வரும்போது நிறுவனம் எதனைக் காக்கிறது, எதனைக் கைவிடுகிறது என்பனவே அளவுகோல்கள்.

நிறைவாக

நொபிலியின் காவியுடை முதல் கெய்தானின் கதராடை வரையிலான மூன்றரை நூற்றாண்டு வரலாறு ஒரு பாடத்தை உணர்த்துகிறது. எளிமை அழகுக்காகப் பூணும் கோலமாயின் அதற்கு விலையில்லை. அது எளியவரோடு சேர்ந்து நிற்பதாயின் விலை கொடுத்தே ஆகவேண்டும். பேட்டன் அடியால் அவ்விலையைக் கொடுத்தார். குமரப்பா சிறையால் கொடுத்தார். கெய்தான் இருமுறை நாடு நீங்கிக் கொடுத்தார். பெயரறியா உபதேசியாரும் விவிலியப் பெண்டிரும், எவரும் கேளாமலே, வாழ்நாள் முழுவதும் கொடுத்தனர்.

விலை கொடுத்த பின்னும் கெய்தான் திரும்பி வந்தார் என்பதே அவர் வரலாற்றின் சிறப்பு. திரும்பி வந்தவர் பழைய பங்களாவிற்கு வரவில்லை. சிறுமலை அடிவாரத்துச் சிற்றூர்களுக்கு வந்தார். 'ஊழியம்' என்னும் சொல்லின் இரு பொருள்களும் அங்கே ஒன்றையொன்று எதிர்கொண்டன. குனிய வேண்டாதவர் குனிந்தால்தான், குனிந்தே கிடந்தவர் நிமிர வழி பிறக்கும். திண்டுக்கல் சமவெளியின் கிறித்தவத் தொண்டர்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் இவ்வுணர்வே ஆகும்.